முடி வழுக்கி வர வேண்டும்: எலக்ட்ரோலிசிஸ் சரியாக நடக்கிறதா என்று அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

என் தாடை முடிக்கு முதல் வைத்தியம் பார்த்தவர் அத்தை. குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வயலில் களையாக மண்டிக் கிடந்த கோரையின் கிழங்கைக் காயவைத்து, கஸ்தூரி மஞ்சளோடு இடித்துச் சலித்து ஒரு டப்பாவில் கொடுத்தார். மூன்று வருடம் பூசினேன். முகம் வாசமாக இருந்தது. முடி அப்படியே இருந்தது. பிறகு திரெடிங், வாக்ஸிங், கடைசியில் ஊசி வழியே கரண்ட் கொடுத்து முடியின் வேரை அழிக்கும் எலக்ட்ரோலிசிஸ். முதலில் போன இடத்தில் ஏழு மாதம், வாரத்துக்கு ஒரு மணி நேரம் தாடையை ஒப்படைத்துவிட்டுப் படுத்துக் கிடந்தேன். அங்கே நடந்தது வெறும் பிடுங்கல், கரண்ட் அதற்கு ஒப்புக்குத்தான் என்பது, கும்பகோணத்தில் இரண்டாவது இடத்துக்குப் போன முதல் நாளில்தான் புரிந்தது. முதல் இடத்தின் ஊரும் பெயரும் இங்கே தேவையில்லை. அவர் நல்ல மனிதர். கைதான் சரியில்லை.

இந்தச் சிகிச்சையில் ஒரு விசித்திரம் உண்டு. நன்றாகச் செய்பவரும் மோசமாகச் செய்பவரும் முதல் இரண்டு மாதம் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். சொல்லப்போனால் மோசமானவர்தான் கொஞ்சம் நல்லவராகத் தெரிவார். வெறுமனே பிடுங்கிவிட்டால் தோல் அதிகம் சிவக்காது, வீங்காது, வலியும் குறைவு. வீட்டுக்கு வரும்போது தாடை வழவழவென்று இருக்கும். சரியாகச் செய்பவரிடமிருந்து சிவந்த முகத்தோடு வருவோம். இரண்டு வாரத்தில் முடியும் தலைகாட்டும். கண்ணாடியை மட்டும் நம்புகிறவர்கள் நல்லவரை விட்டுவிட்டு மோசமானவரிடம் தங்கிவிடுவார்கள். அதனால்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

மயிர்க்காலுக்குள் என்ன நடக்க வேண்டும்

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1875-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷேல், கண்ணுக்குள் மடங்கி வளரும் இமை முடிக்காகச் செய்தது. மெல்லிய ஊசி முடியோடு ஒட்டி மயிர்க்காலுக்குள் இறங்கும். நேர்மின்சாரம் (டி.சி. கரண்ட்) பாயும்போது அங்கே உள்ள உப்பும் நீரும் சேர்ந்து சோடியம் ஹைட்ராக்சைடாக மாறும். சோப்புக்குப் போடும் காஸ்டிக் சோடாதான் அது. அந்தக் காரம் முடியை உண்டாக்கும் திசுவை அரிக்கும். இதற்குக் கால்வானிக் முறை என்று பெயர். 1920-களில் வந்த தெர்மோலிசிஸ், உயர் அதிர்வெண் மின்சாரத்தால் அந்த இடத்தைச் சூடாக்கி வேகவைக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்வது பிளெண்ட். அந்த இயந்திரத்துக்கு 1948-இல் காப்புரிமை கிடைத்தது.

மூன்றுக்கும் ஒரே இலக்கு: அடியில் இருக்கும் வேர்க்குமிழும், அதற்குச் சற்று மேலே முடியைத் திரும்ப முளைக்கவைக்கும் பகுதியும் அழிய வேண்டும். எங்கள் வயல் பாஷையில் சொன்னால் கோரையின் கிழங்கு சாக வேண்டும். புல் கையோடு வந்ததில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அறிகுறி 1: முடியை எடுக்கும்போது சுருக்கென்று இழுக்கிறது

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். இதைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

ஊசி இறங்கி, கரண்ட் போய், பிறகு ட்வீசரால் முடியை எடுப்பார்கள். அந்தக் கடைசி நொடியைக் கவனியுங்கள். சிகிச்சை பிடித்திருந்தால் வெண்ணெயிலிருந்து எடுத்தது போல முடி தானாக வழுக்கி வரும், எடுத்ததே தெரியாது. புருவம் திருத்தும்போது வருமே ஒரு சுருக், அது வந்தால் வேர் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த முடி பிடுங்கப்பட்டிருக்கிறது. கொஞ்ச வாரம் கழித்துத் திரும்பி வரும்.

இருபதில் இரண்டு மூன்று முடி இழுத்தால் கவலைப்பட வேண்டாம். வருடக்கணக்கில் திரெடிங் செய்த தாடையில் மயிர்க்கால்கள் வளைந்தும் நெளிந்தும் கிடக்கும். நேர் ஊசி அடிவரை போகாது. கை தேர்ந்தவருக்கும் அங்கே தவறும். ஆனால் பத்தில் எட்டு இழுக்கிறது என்றால் கீழே உள்ளவற்றில் ஏதோ ஒன்று தவறாக இருக்கிறது.

ஊசி போதிய ஆழம் போகவில்லை. ஊசி முடியின் சாய்வுக்கு ஏற்ப இறங்காமல் சுவரில் குத்தி நிற்கிறது. கரண்டின் அளவு குறைவு, அல்லது நேரம் குறைவு. முடியின் கனத்துக்கு ஊசி மிக மெல்லியது. ஊசிகளுக்கு எஃப்2, எஃப்3 என்று எண் உண்டு. எஃப்3 என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு கனம். உதட்டுக்கு மேலே உள்ள மெல்லிய முடிக்கும் தாடையின் கம்பி முடிக்கும் ஒரே ஊசியைப் போடுபவரிடம் காரணம் கேளுங்கள்.

எது காரணம் என்பதை உங்கள் தோலே ஓரளவு சொல்லும். சரியாக இறங்கும் ஊசி குத்தாது. மயிர்க்கால் ஏற்கெனவே இருக்கும் ஒரு துளை. அதற்குள் நுழைவது உறைக்குள் கத்தி போவது போல இருக்க வேண்டும். கரண்ட் வருவதற்கு முன்பே குத்துகிறது என்றால் ஊசி துளைக்குள் போகவில்லை, தோலைத் துளைக்கிறது. ஊசி அழுத்தும்போது தோல் உள்ளே குழிகிறது என்றால் சாய்வு தவறு. நுழைவு சுகமாக இருந்து, எடுக்கும்போது மட்டும் இழுத்தால் கரண்டோ நேரமோ போதவில்லை. அல்லது ஊசி அடிக்குச் சற்று மேலேயே நின்றுவிடுகிறது.

சரிசெய்வது எளிது. வாயைத் திறந்து "இழுக்கிறது" என்று சொல்லுங்கள். அடுத்து அவர் செய்வதைப் பார்த்தால் அவரைப் பற்றி முழுதாகத் தெரிந்துவிடும். நல்லவர் உடனே நிறுத்துவார், அதே மயிர்க்காலில் இன்னொரு முறை கரண்ட் கொடுப்பார், இயந்திரத்தில் எண்ணை மாற்றுவார், சாய்வை மாற்றுவார். கும்பகோணத்துப் பெண் முதல் நாளே என்னிடம் சொன்னது: "இழுத்தால் சொல்லிவிடுங்கள் அக்கா. நீங்கள் சொன்னால்தான் எனக்குத் தெரியும்." முதல் இடத்தில் நான் சொன்னபோது கிடைத்த பதில்: "அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்." பழகியும்விட்டது. ஏழு மாதம்.

முடியின் அடியில் வெள்ளையாகப் பளபளக்கும் உறை வந்தால் வேர் செத்துவிட்டது என்று சிலர் பஞ்சில் வைத்துக் காட்டுவார்கள். அதை முழுதாக நம்ப வேண்டாம். வளர்ந்துகொண்டிருக்கும் முடியை வெறுமனே பிடுங்கினாலும் உறை வரும். வேகமான தெர்மோலிசிஸில் நன்றாக அழிந்த முடி உறையே இல்லாமல் கருகி வருவதும் உண்டு. பஞ்சைவிட ட்வீசரின் இழுப்பு நம்பகமான சாட்சி.

அறிகுறி 2: பத்தே நாளில் அதே இடத்தில் முடி

பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் அதே முடி அல்ல.

ஒவ்வொரு மயிர்க்காலும் வளரும், ஓயும், உதிரும், மறுபடி வளரும். எல்லாம் ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை. ஆற்றில் தண்ணீர் திறந்த அன்றே எல்லா வாய்க்காலிலும் வந்துவிடுகிறதா என்ன? தலைமடை நிறைந்திருக்கும்போது கடைமடை காய்ந்து கிடக்கும். நீங்கள் படுத்திருந்த நாளில் தோலுக்கு மேலே தெரிந்த முடிகளைத்தான் அவர் எடுத்தார். உறங்கிக்கொண்டிருந்தவை அடுத்தடுத்த வாரங்களில் எழும். வேரோடு பிடுங்கிய முடிகூடத் தோலுக்கு மேலே திரும்பிவரப் பல வாரங்கள் எடுக்கும். பத்து நாளில் வர வழியில்லை. ஆகவே இரண்டு வாரத்தில் தெரியும் முடியை வைத்துச் சிகிச்சையாளரைத் திட்டுவது நியாயம் இல்லை. நான் திட்டியிருக்கிறேன், மனதுக்குள்தான்.

இரண்டு மூன்று நாளிலேயே கறுப்புக் குத்துகளாகத் தெரிந்தால் கதை வேறு. முடி வேரோடு வரவில்லை, தோலுக்குள்ளேயே முறிந்திருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடுங்கள். பகுதி முழுக்க என்றால் அடுத்த முறை காட்டிக் கேளுங்கள்.

உண்மையான சோதனை மூன்று மாதச் சோதனை. மச்சமோ தழும்போ அடையாளமாக இருக்கும் ஓர் இடத்துக்கு அருகில், கட்டைவிரல் நகம் அளவு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே உள்ள முடிகளை எண்ணி எழுதுங்கள், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு முறையும் அங்கே வருவதையெல்லாம் எடுத்துவிடச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு எண்ணுங்கள். எண்ணிக்கையும் முடியின் கனமும் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தால் அவர் கை நல்லது. தொடங்கிய எண்ணிலேயே நின்றால், முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போய்ப் படியுங்கள்.

இடையில் திரெடிங், வாக்ஸிங், பிடுங்குதல் எதுவும் கூடாது. வேரையே காணோம் என்றால் ஊசி எதைப் பிடித்து இறங்கும்? வெட்டலாம், மழிக்கலாம். கத்தி பட்டால் முள்ளாக முளைக்கும் என்று என் அத்தை இன்றும் சத்தியம் செய்கிறார். மழிப்பதால் முடியின் கனம் கூடாது; நுனி மழுங்குவதால் தொட்டால் சொரசொரப்பாகத் தெரியும், அவ்வளவுதான். இதில் ஒரு லாபமும் உண்டு. சிகிச்சைக்கு மூன்று நான்கு நாள் முன்னால் மழித்துவிட்டால், அன்று தலைநீட்டி நிற்பதெல்லாம் வளரும் பருவத்து முடியாக இருக்கும். அந்தப் பருவத்தில்தான் கரண்ட் நன்றாகப் பிடிக்கும்.

அறிகுறி 3: மாதங்கள் போகின்றன, நேரம் குறையவில்லை

பால் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, எத்தனை நிமிடம், எந்தப் பகுதி, எத்தனை முடி இழுத்தது. நான்கு பத்தி போதும். இந்த நோட்டுதான் என் கண்ணைத் திறந்தது.

சிகிச்சை சரியாக நடந்தால் நேரம் இப்படிப் போகும்: தொடக்கத்தில் ஒரு பகுதியைச் சுத்தமாக முடிக்கவே சில வாரங்கள் ஆகலாம். முதல் முறை முழுதாக முடிந்த பிறகு, அதே பகுதிக்கு ஒவ்வொரு முறையும் குறைந்த நேரம் பிடிக்க வேண்டும். இடைவெளி நீள வேண்டும். கும்பகோணத்தில் எனக்கு முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு மணி நேரம். ஐந்தாவது மாதம் நாற்பது நிமிடம். ஒன்பதாவது மாதம் மூன்று வாரத்துக்கு ஒரு முறை பதினைந்து நிமிடம். ஒரு பகுதிக்கு ஒன்று முதல் ஒன்றரை வருடம் என்பது பலருக்கும் பொருந்தும் கணக்கு. முகத்தில் தாடி முழுதாக உள்ள திருநங்கைகளுக்கு இது போதாது. நூறு மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்வதால் வளர்ந்துவிட்ட தாடி போய்விடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் இடத்து நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஏழாவது மாதமும் அறுபது நிமிடம், முதல் மாதமும் அறுபது நிமிடம்.

ஆனால் சிகிச்சையாளர் மீது பழி போடும் முன் மூன்று கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்லுங்கள். ஒன்று, நீங்கள் ஒழுங்காகப் போனீர்களா? மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறி ஆடுதுறை, திருவிடைமருதூர் தாண்டிப் போவதற்குள் ஒரு பொழுது போய்விடுகிறது. நடவு, அறுவடை, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று இரண்டு மாதம் தவறவிட்டால் வேர்கள் நமக்காகக் காத்திருக்காது. இரண்டு, இடையில் பிடுங்கினீர்களா? மூன்று, ஹார்மோன். அதற்குத் தனியாகக் கீழே வருகிறேன்.

அறிகுறி 4: சிவப்பு, வீக்கம், பொருக்கு

எது இயல்பு? சிவப்பும் லேசான வீக்கமும் சில மணி நேரம், உதட்டுக்கு மேலே என்றால் சில சமயம் மறுநாள்வரை. அடுத்த இரண்டு நாளில் குண்டூசித் தலையைவிடச் சிறிய பொருக்குகள் சில. கால்வானிக், பிளெண்ட் முறையிலும், கை கால்களிலும் இவை கொஞ்சம் அதிகம். ஒரு வாரம், பத்து நாளில் தானாக உதிர வேண்டும். கிள்ளக் கூடாது.

எது இயல்பு அல்ல? பொருக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாக வருவது. மறுநாள் சிவப்பு குறையாமல் கூடுவது. பொருக்கு விழுந்த இடத்தில் குழி. இவை மூன்றும் அதிகக் கரண்டின் அடையாளம், அல்லது பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்களை ஒரே நாளில் நெருக்கிச் செய்ததன் அடையாளம். அனுபவசாலி இடைவெளி விட்டு எடுப்பார். நெருக்கமான இடத்தை இரண்டு நாளாகப் பிரிப்பார். "எல்லாவற்றையும் இன்றே எடுத்துவிடுங்கள், அடுத்த வாரம் கல்யாணம்" என்று நாமே நெருக்கிவிட்டுப் பிறகு அவரைக் குறை சொல்வதும் நடக்கிறது. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் இதைத் தொடங்கவே கூடாது.

ஊசி போடும்போதே தெரியும் எச்சரிக்கை ஒன்று உண்டு. ஊசியைச் சுற்றித் தோலின் மேற்பரப்பில் வெள்ளை வளையம் தோன்றினால் சூடு அடியில் இல்லை, மேலே இருக்கிறது. ஊசி ஆழம் போகாமல் கரண்ட் மட்டும் பலமாகப் போகும்போது இப்படி ஆகும். வேர் பிழைத்துக்கொள்ளும், தோல் வேகும். இரண்டு நஷ்டமும் ஒரே நேரத்தில். கைக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பாருங்கள். வளையம் ஒன்றுக்கு மேல் வந்தால் அன்றைக்கு நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒரு துளி ரத்தம் எப்போதாவது வரும். அடிக்கடி வந்தால் ஊசி மயிர்க்காலின் சுவரைக் கிழிக்கிறது. வெளிச்சமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இல்லாமல் வெறும் கண்ணால் வேலை செய்பவர் என்றால், மேலே சொன்ன எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். எழுந்து வந்துவிடுங்கள்.

அறிகுறி 5: கறுப்புப் புள்ளி, பழுப்புத் திட்டு

மூன்று விதம் உண்டு, மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, தோலுக்கு அடியில் முறிந்த முடி. விரலால் இழுத்துப் பிடித்துப் பார்த்தால் கோடாகத் தெரியும்.

இரண்டாவது, புண் ஆறிய இடத்தில் படியும் கருமை. நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது சுலபமாக வரும். காயம் பட்ட தோல் தன்னைக் காத்துக்கொள்ள நிறமியைக் கொட்டும்; சில வாரம் முதல் சில மாதத்தில் மங்கும். வெயில் பட்டால் ஆழமாகும். கத்திரி வெயிலில் களத்து மேட்டில் நிற்கிறவர்கள் முந்தானையால் முகத்தை மூடுவதோடு சன்ஸ்கிரீனும் போட வேண்டும். சிகிச்சையாளர் உங்கள் தோல் நிறத்தைப் பார்த்து முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய திட்டின் மேல் புதுத் திட்டு வந்தால் கரண்டைக் குறைக்க வேண்டும். மார்பு, தோள், தாடை ஓரத்தில் ஏற்கெனவே தடித்த தழும்பு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். திட்டு மறைய வேண்டும் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வெள்ளையாக்கும் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது தோலை மெலியவைக்கும், முகப்பருவைக் கிளப்பும். கூடவே பூசிய இடத்தில் முடியையும் வளர்க்கும். முடியை எரிக்க ஒருவரிடமும், முடி வளர்க்க மருந்துக் கடையிலும் காசு கொடுத்துக்கொண்டிருந்தவரை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில்தான் இருக்கிறார்.

மூன்றாவது அபூர்வம், ஆனால் மன்னிக்க முடியாதது. கால்வானிக் மின்சாரத்தில் ஊசி எதிர்முனையாக இருக்க வேண்டும்; நேர்முனை உங்கள் கையில் பிடிக்கும் உலோகத் தண்டு. இணைப்பை மாற்றிச் செருகிவிட்டால் ஊசியின் உலோகம் கரைந்து தோலுக்குள் படியும். பச்சை குத்தியது போன்ற கறுப்புப் புள்ளி, லேசில் போகாது. ஆறின புண் எதுவும் இல்லாமல் ஊசி போன ஒவ்வொரு துளையிலும் கருநீலப் புள்ளி நின்றால் இதைச் சந்தேகியுங்கள்.

அந்தத் தண்டைப் பற்றி இன்னொன்று. பிளெண்ட் அல்லது கால்வானிக் என்று சொல்லிவிட்டு உங்கள் கையில் தண்டு எதுவும் கொடுக்கவில்லை, உடம்பில் வேறு எங்கும் ஈரத் தகடு வைக்கவில்லை என்றால் நேர்மின்சாரம் ஓட வழியே இல்லை. நடப்பது தெர்மோலிசிஸ் மட்டும்தான். தெர்மோலிசிஸ் கெட்டது அல்ல. ஆனால் தான் செய்வதற்கே பெயர் தெரியாதவர் என்பது தெரிந்துவிடும்.

அறிகுறி 6: சீழ்க்கட்டி

முதலில் நம் வீட்டுப் பக்கம் பார்ப்போம். சிகிச்சை முடிந்த ஒரு நாள் அந்தத் துளைகள் திறந்த வாசல்கள். மேக்கப், எண்ணெய், மஞ்சள் பற்று, குளத்து நீராடல், வியர்வையைத் துடைக்கும் அழுக்குத் துண்டு எதுவும் கூடாது. மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்று அதிலேயே ஒரு கோட்டிங் கொடுக்கிறோம். அம்மியில் அரைத்த மஞ்சளில் என்னென்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஒவ்வொரு முறையும் சீழ் வருகிறதா? அடுத்த முறை இவற்றைப் பாருங்கள். ஊசி உங்கள் கண் முன்னால் மூடிய உறையிலிருந்து பிரிக்கப்பட்டதா? ஒருவருக்கு ஒரு ஊசி, வேலை முடிந்ததும் ஊசிகளுக்கான கெட்டி டப்பாவில் எறியப்பட வேண்டும். டெட்டாலில் முக்கி அடுத்தவருக்கு வைப்பது பேச்சுக்கே இடமில்லை. ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் ரத்தத்தின் வழியே பரவுபவை. அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் ட்வீசர் வெந்ததா? கையுறை போட்டுக்கொண்டு செல்போனை எடுத்துப் பேசிவிட்டு அதே கையோடு தொடர்கிறாரா? வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து தட்டை மருக்கள் அடுத்தவருக்குப் பரவுவதும் இந்த அலட்சியத்தால்தான். இந்த விஷயத்தில் இரண்டாவது வாய்ப்பு கொடுக்காதீர்கள். காய்ச்சலோ பரவும் சிவப்போ வந்தால் சிகிச்சையாளரிடம் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

அறிகுறி 7: வலி தாங்கவில்லை, அல்லது வலியே இல்லை

சுட்டு நெருடும் வலி இயல்பு. உதட்டுக்கு மேலே கண்ணீர் வரும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பலருக்குக் கூடுதலாக வலிக்கும். அந்த நாட்களைத் தவிர்த்துத் தேதி வாங்குங்கள். மரத்துப்போகச் செய்யும் கிரீமை மருத்துவரிடம் கேட்டு ஒரு மணி நேரம் முன்பு பூசலாம். உடம்பின் பெரிய பரப்பு முழுவதும் பூசிக் கட்டிவைப்பது ஆபத்து. மருந்து ரத்தத்தில் கலக்கும்.

எதுவுமே தெரியவில்லை என்றால் மகிழ்ச்சி வேண்டாம். கரண்ட் போகிறதா என்றே பாருங்கள். "ஊசி இல்லாத எலக்ட்ரோலிசிஸ்" என்று ட்வீசர் வழியாகவோ ஒட்டுப்பட்டை வழியாகவோ கரண்ட் கொடுப்பார்கள். முடி மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. வேர்வரை போவதற்குள் எல்லாம் தோலின் மேலேயே முடிந்துவிடும். பணத்துக்குப் பிடித்த கேடு.

லேசரையும் எலக்ட்ரோலிசிஸ் என்று விளம்பரம் செய்கிறவர்கள் உண்டு. லேசர் முடியின் கறுப்பைத் தேடிச் சுடும். நரைத்த முடிக்குப் பலிக்காது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதை நிரந்தரக் குறைப்பு என்றுதான் சொல்ல அனுமதிக்கிறது. மாநிறப் பெண்களின் தாடை, கழுத்துப் பகுதியில் சிலருக்கு லேசருக்குப் பிறகு முடி கூடுவதும் பதிவாகியிருக்கிறது. அப்படிக் கூடிப்போய் ஊசிக்கு வந்தவர்கள் என்னோடு அதே பெஞ்சில் காத்திருந்திருக்கிறார்கள்.

அறிகுறி 8: எடுத்த இடம் சுத்தம், பக்கத்தில் புதிது புதிதாக

அவர் வேலையில் குறை இல்லை. ஊசி இருக்கும் வேரைத்தான் கொல்லும். பூனை முடியைக் கம்பி முடியாக மாற்றும் ஹார்மோனை ஊசியால் நிறுத்த முடியாது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இது வழக்கம். மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறது, எடை கூடுகிறது, பரு நிற்கவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ பாருங்கள். இரண்டையும் ஒரே காலத்தில் நடத்துங்கள். தலைமுடி கொட்டுகிறது என்று மினாக்ஸிடில் தடவுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முகத்தில் முடி வளர அதுவும் ஒரு காரணம். சில மாதத்துக்குள் முடி வேகமாகப் பெருகி, குரலும் தடித்தால் எலக்ட்ரோலிசிஸைத் தள்ளிவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், கட்டியாகவும் இருக்கலாம்.

நல்ல சிகிச்சையாளர் இந்தக் கேள்விகளை முதல் நாளே கேட்டிருப்பார். சர்க்கரை உண்டா, பேஸ்மேக்கர் உண்டா, கர்ப்பமா, என்ன மாத்திரை. மச்சத்தில் முளைத்த முடியைக் காட்டினால் "தோல் மருத்துவர் பார்த்து எழுதித் தரட்டும்" என்பார். எதுவும் கேட்காமல் நேராகப் படுக்கச் சொல்பவரிடம் படுக்காதீர்கள்.

அறிகுறி 9: "இருபது சிட்டிங் பேக்கேஜ், முன்பணம் கட்டிவிடுங்கள்"

தோலில் தெரியாத அறிகுறி இது. முதல் நாளே எண்ணிக்கையை உறுதியாகச் சொல்பவர் உங்கள் மயிர்க்கால்களை எண்ணிப் பார்த்தவர் அல்ல. அமெரிக்காவில் பல மாநிலங்கள் இந்தத் தொழிலுக்கு உரிமம் கேட்கின்றன. நமக்குக் கிடைப்பது சுவரில் மாட்டிய பயிற்சிச் சான்றிதழ். அது மூன்று நாள் பயிற்சிக்கா மூன்று மாதத்துக்கா என்று கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.

நான் ஏழு மாதம் கழித்துக் கற்றதை நீங்கள் பதினைந்து நிமிடத்தில் செய்துவிடலாம். பேக்கேஜுக்குப் பதிலாகப் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் பணம் கொடுங்கள். தாடைக்கு அடியில், யாருக்கும் தெரியாத இடத்தில் இருபது முடி எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை வழுக்கி வந்தன, எத்தனை இழுத்தன என்று மனதுக்குள் எண்ணுங்கள். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் தோலைப் பாருங்கள். என் கும்பகோணத்து நோட்டின் முதல் வரி: "20-இல் 17 எடுத்ததே தெரியவில்லை. 3 இழுத்தது, இரண்டுக்கு மறுபடி கரண்ட் கொடுத்தார். மூன்றாவதை அடுத்த முறை பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்."